தியோசாவ் கொடுத்த நன்கொடை

ராடோய்கா செத்தபோது க்ருஷ்கோவ் ஊர் அவளைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கட்சிப் பணத்தைத் தின்றவள். நகராட்சியின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு வருடம் சமைத்தாள். அவள் ஊற்றிய பீன்ஸ் சூப்பைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது மீசை அரும்பியிருக்கிறது. அந்தச் சூப்பு யாருக்கும் நினைவில்லை. எண்பதாயிரம் தினார் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால் அவளைச் சொல்வதென்றால் அந்த எண்பதாயிரத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புருஷன் லாரி ஓட்டப்போகிறேன் என்று ஆஸ்திரியாவுக்குப் போனவன், திரும்பவில்லை. பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் அவள் தம்பி தியோசாவும்தான். முப்பத்தொன்றாம் வயதில் கல்குவாரியில் சாரத்திலிருந்து விழுந்தான் தியோசாவ். கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் 'நல்லது'. சாப்பாடு ஊட்டினால் நல்லது. முதுகைத் துடைத்தால் நல்லது. வானொலியில் பந்தாட்டம் தோற்றாலும் நல்லது.

ஒரு முறை அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது, அவனை மூன்று வாரம் அரசு இல்லத்தில் விட வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது அவன் இடுப்பில் இரண்டு புண். ஒவ்வொன்றிலும் முட்டையை வைக்கலாம். முகத்தைப் பார்த்து 'நல்லது' என்றான். அவள் அன்று முடிவு செய்தாள்: இனி இவனை எவன் வாசலுக்கும் அனுப்புவதில்லை. அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம், சரியோ தப்போ, அந்த ஒரு முடிவுக்காகத்தான்.

அவள் சம்பளம் இருபத்து நாலாயிரம். தியோசாவின் பராமரிப்புக்கு அரசு தந்தது இருபத்தாறாயிரம். இரண்டும் சேர்ந்தால் விறகு, மருந்து, பெரியவர்களுக்கான டயப்பர், பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கூலி எல்லாம் நடக்கும். ஒன்று போனால் எதுவும் நடக்காது. காப்பகத்தில் அவள் வேலை மூன்று மாத ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காப்பகத் தலைவி வூகிட்சா ஒரு தாளை நீட்டுவாள். இவள் கையெழுத்துப் போடுவாள். பதினோரு வருடத்தில் நாற்பத்து மூன்று தாள். நடுவில் ஆட்சி மாறியபோது இவளும் கட்சி அட்டையை மாற்றிக்கொண்டாள். நகராட்சியில் தெரு கூட்டுகிறவன்கூட மாற்றிக்கொண்டான். அதில் வெட்கப்பட யாருக்கும் நேரமில்லை.

ஒரு பிப்ரவரி மாதம், தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, வூகிட்சா சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவள் பின்னால் ஸ்ரெச்கோ. டயர் கடைக்காரன், ஊரில் கட்சியின் கை, முப்பத்தைந்து வயது. அவன் மகள் அதே காப்பகத்தில்தான் சாப்பிட்டாள்.

"ராடோ அத்தே, கை காலியா? ஒரு நிமிஷம்," என்றான்.

மேசைமேல் உருளைக்கிழங்குத் தோலுக்குப் பக்கத்தில் ஒரு உறையை வைத்தான்.

"இதுல நாப்பதாயிரம் இருக்கு. தபாலாபீஸ்ல கட்சிக் கணக்குல கட்டிடுங்க. உங்க பேர்ல."

"என் பேர்ல எதுக்கு? பணம் உன்னுதுதானே?"

"என்னுது இல்ல அத்தே."

"அப்ப யாரோடது?"

வூகிட்சா குறுக்கே வந்தாள். "பெல்கிரேடுல அரசாங்கம் சட்டம் போட்டிருக்கு ராடோ. பெரிய ஆளு மொத்தமா குடுக்கக் கூடாதாம். பேரு, விலாசம், தொகை எல்லாம் வெளிய தெரியணுமாம். சுத்தமா இருக்கணுமாம். அதனால மொத்தமா வந்தத நாம சில்லறையா குடுக்கறோம். அவ்வளவுதான்."

"அப்ப இது என் பணம்னு எழுதிக்கிறாங்க."

"ஆமா."

"என் பணம்னா நானே வெச்சுக்கலாமே."

வூகிட்சா விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த வாய்க்குத்தான்டி உன்ன எனக்குப் பிடிக்கும்." ஸ்ரெச்கோவும் சிரித்தான். பிறகு இன்னொரு உறையை எடுத்தான். "வீட்டுக்கு ரெண்டு பேர் அத்தே. மேலேந்து சொல்லிட்டாங்க."

"என் வீட்டுல ரெண்டாவது ஆளு எங்க இருக்கு?"

"தியோசாவ் அண்ணன் இருக்காரே."

"அவன் கரண்டி பிடிக்க மாட்டான்டா. பேனா பிடிக்கச் சொல்றியா?"

"நீங்கதானே பாதுகாவலர்? நீங்க போட்டா செல்லும். அதோட அவரு எது சொன்னாலும் 'நல்லது'ங்கறாரு. கட்சிக்கு அதவிட நல்ல ஆளு யாரு கெடைப்பா? நியாயமா பாத்தா அவரத்தான் நாடாளுமன்றத்துக்கு அனுப்பணும்."

அவளும் சிரித்துவிட்டாள். அதை நினைத்துத்தான் பிறகு ரொம்ப நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் நாற்பத்து நாலாவது தாள் கையெழுத்தாக வேண்டும். தம்பியிடம் எவனும் வந்து எதையும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் என்ன சொல்வான் என்பது ஊருக்கே தெரியும். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். ஊரில் நூறு வீடு அதே கணக்கைப் போட்டது. ஒருவன் படுக்கையில் கிடக்கும் தாயின் பெயரைக் கொடுத்தான். ஒருத்தி சிறையில் இருக்கும் மகன் பெயரைக் கொடுத்தாள்.

மறுநாள் தபால் நிலைய வரிசையில் நகராட்சியே நின்றது. குப்பை வண்டிக்காரர்கள், தண்ணீர் வாரியத்தார், நூலகத்துப் பெண்மணி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சன்னலுக்குப் பின்னால் இருந்தவள் தலையைத் தூக்காமலே ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "நாப்பதா?"

"நாப்பது. ரெண்டு தடவ," என்றாள் ராடோய்கா.

தேர்தலில் கட்சி ஜெயித்தது. வேறு எப்படி முடியும்?

கோடையில் பட்டியல் வெளியானது. சட்டம் சொன்னபடி பேர், ஊர், தேதி, தொகை. க்ருஷ்கோவிலிருந்து மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரே வாரத்தில், ஆளுக்கு நாற்பதாயிரம். பெல்கிரேடிலிருந்து ஒரு பத்திரிகைக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். "இருபத்து நாலாயிரம் சம்பளத்துல நாப்பதாயிரம் எப்படிக் குடுத்தீங்க?" ராடோய்கா, எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்ததையே சொன்னாள். "கட்சிமேல இருக்கற பாசத்துல குடுத்தேன்." "நீங்க சொல்ற அதே வார்த்தையில இன்னிக்கு ஒம்பது பேரு சொல்லிட்டாங்க அக்கா," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள். கட்டுரை வந்தது. நன்கொடைகளைக் கண்காணிக்க வேண்டிய அலுவலகம் அதைப் படித்ததா என்று தெரியவில்லை. பட்டியலை உண்மையாகப் படித்தது இன்னொரு இடம்.

செப்டம்பரில் சமூக நல மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தியோசாவின் பராமரிப்புத் தொகை நிறுத்தப்பட்டிருந்தது. காரணம்: 'பயனாளி தன் தேவைக்கு மிஞ்சிய பணம் உடையவர் எனத் தெரியவருகிறது.'

மையத்தில் அந்தக் கோப்பைப் பார்த்தவள் ஸகோர்கா. ராடோய்காவுடன் எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"கம்ப்யூட்டரே எடுத்துக் காட்டுது ராடோ. நான் ஒண்ணும் தேடல. இந்த வருஷத்துலேர்ந்து நன்கொடைப் பட்டியலையும் உதவித்தொகைப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாக்குது. நாப்பதாயிரம் தானம் பண்றவனுக்கு உதவித்தொகை எதுக்குன்னு கேக்குது."

"அது அவன் பணம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஊருக்கே தெரியும். அத எழுதிக் குடு. இந்தா தாளு. 'இந்தப் பணம் என் தம்பியுடையது அல்ல, இன்னார் கொடுத்தது'ன்னு எழுது. அடுத்த மாசமே தொகைய திறந்து விடறேன்."

"எழுதினா?"

"அந்தத் தாள நான் அரசு வக்கீலுக்கு அனுப்பணும். அது விதி."

"அப்புறம்?"

"பொய்ப் பேர்ல பணம் கட்டினது குற்றம். கட்டினது யாரு? நீ."

ராடோய்கா தாளைப் பார்த்தாள். எழுதினால் தம்பி பணம் வரும், வேலை போகும், மேலே வழக்கு. எழுதாவிட்டால் வேலை இருக்கும், தம்பி பணம் வராது. எந்தப் பக்கம் போனாலும் பாதிதான் மிஞ்சும்.

"பட்டியல்ல உன் பேரும் பாத்தேன் ஸகோர்கா."

"நான் உதவித்தொகை வாங்கல. எனக்குத் தானம் பண்ண உரிமை இருக்கு," என்றாள் அவள் முகம் மாறாமல். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "காப்பி போடவா?" என்றாள்.

ராடோய்கா காப்பி குடிக்கவில்லை. தாளையும் எழுதவில்லை.

வூகிட்சாவிடம் போனாள். "கொஞ்சம் பொறு, ஸ்ரெச்கோ ஒரு போன் போட்டா முடிஞ்சது," என்றாள். ஸ்ரெச்கோவிடம் போனாள். "வசந்தத்துல இன்னொரு தேர்தல் வருது அத்தே. அது முடியட்டும். இப்பப் போயி இத நோண்டினா எல்லாருக்கும் கஷ்டம்," என்றான். எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. நவம்பரில் முற்றத்து வால்நட் மரத்தை மரச்சாமான் செய்கிறவனுக்கு விற்றாள். அந்தப் பணம் கிறிஸ்துமஸ் வரை தாங்கியது. விறகுக் கொட்டகையில் அந்தக் குளிர்காலம் முழுவதற்கும் இருந்தது ஒன்றரை கன மீட்டர் விறகு. நல்ல குளிரில் மூன்று வாரத்துக்குக் காணாது. ஜனவரி தொடக்கத்தில் தியோசாவுக்கு மார்ச்சளி கட்டியது. பார்க்க வந்த மருத்துவர், அறைக் குளிரில் தன் மூச்சு ஆவியாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்ல இவர வெச்சுக்கிட்டா நான் அரசு இல்லத்துக்கு எழுதித்தான் ஆகணும்," என்றார்.

ஜனவரி இருபது, புனித யோவான் நாள். அவர்கள் வீட்டுப் புனிதரின் நாள். அன்று யாரையும் அழைக்க மாட்டார்கள். வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். எதிரி வந்தாலும் மெழுகுவர்த்திக்கு முன்னால் உட்காரவைத்து, வேகவைத்து இனிப்புச் சேர்த்த கோதுமை ஒரு கரண்டி கொடுத்தாக வேண்டும். ராடோய்கா இருந்த மாவையும் இருந்த கோஸையும் வைத்து ஏதோ செய்திருந்தாள். மத்தியானம் ஸ்ரெச்கோ வந்தான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஒரு கரண்டி கோதுமை எடுத்தான்.

"வீடு சில்லுன்னு இருக்கே அத்தே. விறகு போடலயா?"

"விருந்தாளிக்கு வேர்க்கக் கூடாதுன்னுதான்."

அவன் சிரித்தான். கட்டிலில் கிடந்த தியோசாவைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க, எம்.பி. ஐயா?" என்றான்.

"நல்லது," என்றான் தியோசாவ், இருமலுக்கு நடுவில்.

எழுந்திருக்கும்போது ஸ்ரெச்கோ இரண்டு உறைகளைக் கோதுமைத் தட்டுக்கு அடியில் செருகினான். "போன தடவ மாதிரியே. ரெண்டு பேரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டின சீட்டு என் கைக்கு வந்துடணும்." வீட்டில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது விருந்தாளியை அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அந்த நாளாகப் பார்த்து வந்திருந்தான்.

மறுநாள் காலை அவள் தபால் நிலைய வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நான்கு பேர். மூன்று பேர். சன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது: "நாப்பதா?" ராடோய்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். நேராக விறகு மண்டிக்குப் போனாள். பத்து கன மீட்டர் கெட்டி மர விறகு, காய்ந்தது, வெட்டி அடுக்கிக் கொடுக்கச் சொன்னாள். மருந்துக்கடையில் ஊசி மருந்து, டயப்பர் நான்கு பெட்டி. பக்கத்து வீட்டுக்காரிக்கு மூன்று மாதப் பாக்கி. எண்பதாயிரத்தில் அறுநூற்று இருபது தினார் மிஞ்சியது. அதில் தியோசாவுக்கு ஒரு ஆரஞ்சும் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரெச்கோ வந்தபோது அடுப்பு முழங்கிக்கொண்டிருந்தது. அவன் கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது.

"சீட்டு எங்க அத்தே?"

"கட்டல."

"திங்கக்கெழம கட்டிடறீங்களா?"

"இல்ல. செலவாயிடுச்சு." அடுப்பைக் காட்டினாள். "அதோ எரியுது பாரு."

அவனுக்குப் புரிய நேரம் ஆனது. "அத்தே, அது கட்சிப் பணம்."

"கட்சிப் பணமா? தியோசாவ் பணம்னுதானே எழுதியிருக்காங்க? அதனாலதானே அவனுக்கு உதவித்தொகைய நிறுத்தினாங்க? அவன் பணத்த அவனுக்கே செலவு பண்ணினேன்."

"வெளையாடாதீங்க. நான் மேல பதில் சொல்லணும். எண்பதாயிரத்துக்கு நான் எங்க போவேன்?"

"போலீசுக்குப் போ. 'ராடோய்காவுக்கு நான் குடுத்த பணத்த அவ எனக்குத் திருப்பிக் குடுக்கல'ன்னு எழுதிக் குடு. எதுக்குக் குடுத்தேன்னு கேப்பான். அதையும் எழுது."

ஸ்ரெச்கோ கெஞ்சினான். பாதியாவது கொடுங்கள் என்றான். மாதம் ஐந்தாயிரம், வட்டி வேண்டாம் என்றான். அவன் பயப்படுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கதவுக்கு அருகில் போனபோது அவன் பழையபடி ஆனான். "ஒப்பந்தம் எப்ப முடியுது உங்களுக்கு?"

"பிப்ரவரி கடைசி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான்.

"நல்லது," என்றான் தியோசாவ் கட்டிலிலிருந்து.

பிப்ரவரி கடைசியில் வூகிட்சா தாள் எதையும் நீட்டவில்லை. "வாயால கெட்டடி நீ," என்று மட்டும் சொன்னாள், சூப்புப் பானையைப் பார்த்துக்கொண்டு. அதற்குள் ஊர் முழுவதும் பேச்சு பரவியிருந்தது. பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஊரில், கட்சியிடமிருந்து களவாடிய ஒரே ஆள் அவள்தான் என்றார்கள். கட்சி யாரிடமிருந்து எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாலம் கட்டாமலே பாலத்துக்கு அரசிடம் பணம் வாங்கிய ஒப்பந்தக்காரன்தான் அந்த உறைகளை நிரப்பினான். அவனைத் தெருவில் கண்டால் தொப்பியைத் தொட்டார்கள்.

மார்ச் பதினொன்றாம் தேதி தியோசாவ் இறந்தான். தன் கட்டிலில், சூடான அறையில், இடுப்பில் ஒரு புண்ணும் இல்லாமல். கொட்டகையில் இன்னும் மூன்று கன மீட்டர் விறகு இருந்தது.

கோடையில் புதிய பட்டியல் வந்தது. அவளுக்கு வேலை இல்லை, இழக்க எதுவும் இல்லை. வீடுகளில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கப் போன வீட்டுக்காரிதான் தன் கம்ப்யூட்டரில் காட்டினாள். க்ருஷ்கோவ், இருநூற்று நாற்பத்தாறாவது வரி: தியோசாவ், நாற்பதாயிரம் தினார், மார்ச் பதினைந்து.

போன வருடம் கொடுத்த அடையாள அட்டை நகல் அவர்களிடம் இருந்திருக்கிறது. ஸ்ரெச்கோவுக்குக் கணக்கு முடிய வேண்டும். ஒரு பேர் வேண்டும். அந்தப் பேர்க்காரன் மண்ணுக்குள் போய் இரண்டு நாள் ஆகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ராடோய்கா இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஸகோர்காவின் மேசைக்குப் போனாள்.

"அந்தத் தாளக் குடு."

"எந்தத் தாளு?"

"அன்னிக்கு நான் எழுதாம விட்டேனே, அது. இப்ப எழுதறேன். ரெண்டு வருஷத்தையும் எழுதறேன். நான் கட்டினதையும் எழுதறேன். ஒண்ணும் விடாம."

ஸகோர்கா தாளைக் கொடுத்தாள். ராடோய்கா இரண்டு பக்கம் எழுதினாள். உறைகளை யார் கொண்டு வந்தது, எந்த மேசைமேல் வைத்தது, எந்தத் தட்டுக்கு அடியில் செருகியது எல்லாவற்றையும் எழுதினாள்.

வருடக்கணக்கில் தூங்கும் அரசு வக்கீல் அலுவலகம் இதற்கு மட்டும் ஆறு வாரத்தில் பதில் போட்டது. நான்கு வரி. 'நன்கொடையாளர் இறந்துவிட்டபடியால் அவரது வாக்குமூலம் பெற இயலவில்லை. மேல் நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை.' அவளுடைய நாற்பதாயிரம் பற்றி, அவள் ஒப்புக்கொண்ட குற்றம் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. அவளைத் தண்டித்தால் மற்ற முந்நூற்றுப் பத்துப் பேரையும் தொட வேண்டியிருக்கும்.

செப்டம்பரில் தியோசாவின் ஆறாம் மாதப் பூசை வந்தது. அந்த ஊரில் சாவுக்கும் நாற்பதாம் நாளுக்கும் ஆறாம் மாதத்துக்கும், கறுப்புக் கரை போட்ட வெள்ளைத்தாள் அச்சடித்துக் கம்பங்களிலும் வாசல்களிலும் ஒட்டுவார்கள். ராடோய்கா அச்சகத்துக்குப் போய் எழுதி வைத்திருந்ததை நீட்டினாள். அச்சகக்காரர் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இத அச்சடிச்சா என் கடைய மூடிடுவாங்கம்மா."

"இதுல ஒரு பொய் காட்டுங்க. கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

அவர் இரண்டாம் முறை படித்தார். பிறகு நாற்பது தாள் அடித்துக் கொடுத்தார், அடியில் கடைப் பெயர் போடாமல்.

அவளே பசை காய்ச்சி ஒட்டினாள். தபால் நிலையத்துக்கு எதிர்க் கம்பத்தில், காப்பக வாசலில், கட்சி அலுவலகத்துக்குப் பக்கத்து நிழல் மரத்தில். தாளில் தியோசாவின் படம், கல்குவாரிக்குப் போவதற்கு முன் எடுத்தது. அதற்குக் கீழே:

'மார்ச் 11 அன்று இறந்தார். மார்ச் 15 அன்று கட்சிக்கு நாற்பதாயிரம் தினார் நன்கொடை கொடுத்தார். ஆறாம் மாதப் பூசை சனிக்கிழமை. துக்கத்தில் இருக்கும் அக்கா ராடோய்கா.'

பத்து மணிக்குள் ஊரே படித்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டு நகர்ந்தார்கள். பத்தரைக்கு ஸ்ரெச்கோ நகராட்சி ஆள் இருவரோடும் சுரண்டும் தகட்டோடும் வந்தான். தபால் நிலையத்துக்கு எதிர்க் கம்பத்தில் அவர்களில் ஒருவன் தகட்டை வைத்தான். படத்தைப் பார்த்ததும் எடுத்துவிட்டான்.

"செத்தவன் தாளு சார் இது. நான் கிழிக்க மாட்டேன்."

"நீ?" என்றான் ஸ்ரெச்கோ இன்னொருவனிடம்.

"என் அப்பன் தாளு அதே கம்பத்துலதான் இருந்துச்சு," என்றான் அவன். தியோசாவ்மேல் இருந்த அன்பால் அல்ல. கறுப்புக் கரையைக் கிழிக்கிற கையை அந்த ஊரில் எவனும் விரும்புவதில்லை.

ராடோய்கா பசை வாளியோடு தெருவின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஸ்ரெச்கோ தகட்டைத் தானே வாங்கிக்கொண்டு கம்பத்துக்கு முன்னால் நின்றான். தபால் நிலைய வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவன் அவளிடம் வந்தான்.

"இதனால உங்களுக்கு என்ன கெடைச்சுது அத்தே?"

"ஒண்ணும் இல்ல. படிச்சியா?"

"படிச்சேன்."

"தப்பு ஏதாவது இருந்தா சொல்லு. தேதியோ, தொகையோ. திருத்தி ஒட்டறேன்."

அவன் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தகட்டை அந்த ஆளிடம் எறிந்துவிட்டு டயர் கடைப் பக்கம் நடந்தான். ராடோய்கா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனாள். கையில் இன்னும் பதினேழு தாள் இருந்தது.